மேட்டில் மட்டும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 26 கிலோமீட்டர். 17 கொண்டை ஊசி வளைவுகள். 11-வது வளைவைத் தாண்டும்போது அந்த விளக்கு எரிந்தது. ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில், இன்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. அது எரிந்த அதே நொடி வண்டியின் இழுவை போய்விட்டது. ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்தும் இன்ஜின் கேட்கவில்லை. முதல் கியரில் நடந்துபோகும் வேகத்தில் முனகிக்கொண்டு நகர்ந்தது. ஐப்பசி மாதம், காலை ஆறேகால், மழை, மூடுபனி. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. உள்ளே ஒன்பது பெண்கள், ஒன்பது தூக்குச்சட்டிகள்.

ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி போட்டேன். ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடியும் அதே. இப்படியே நின்று நின்று தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஏலத்தோட்டத்தில் எட்டு மணிக்குப் பேர் எழுதி முடித்துவிடுவார்கள். கங்காணி எங்களைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். ஒன்பது பேருடைய ஒரு நாள் கூலி போனது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் இரண்டு பேர் வேறு ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

தேனி மாவட்டத்திலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, மலையைத் தாண்டி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், இருட்டும்போது திரும்பும் பெண்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. ஏதாவது ஒரு ஜீப் பள்ளத்தில் விழுந்தால் மட்டும் செய்தியில் வருவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். அந்த இடுப்புகளை ஏற்றிக்கொண்டு போவதுதான் என் தொழில். அதற்கு முன் அப்பாவின் தொழில்.

அப்பா முப்பது வருஷம் ஓட்டிய பழைய ஜீப்பில் கம்ப்யூட்டர் கிடையாது. புகையைப் பார்த்தே நோயைச் சொல்வார். கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே போகிறது. அந்த வண்டியை விற்றுவிட்டு, கடன் வாங்கி, 2014 மாடல் நான்கு சக்கர இழுவை வண்டியைச் செகண்ட் ஹேண்டில் எடுத்தார். எடுத்த எட்டாவது மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. தவணை நின்றுவிடவில்லை. நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, தேனியில் செல்போன் சர்வீஸ் கடையில் நான்கு வருஷம் வேலை பார்த்தவள். உரிமமும் பேட்ஜும் எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். மற்ற ஜீப்புகளில் பதினைந்து, பதினாறு பேர் போவார்கள். நான் ஒன்பதுக்கு மேல் ஏற்றுவதில்லை. அதனால் வருமானமும் குறைவு, ரிப்பேருக்கு ஒதுக்க முடிவதும் குறைவு.

ஒர்க்‌ஷாப்புக்குத் துணைக்கு வந்த தம்பிக்குப் பத்தொன்பது வயது, சைக்கிள்தான் ஓட்டுவான். மெக்கானிக் அண்ணன் விவரத்தையெல்லாம் அவனிடமே சொன்னார். நான் கேட்ட கேள்விக்கும் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். ஸ்கேனரைச் செருகினார், பார்த்தார். "ரெயில் பிரஷர் சென்சார் போயிருச்சு தம்பி." 4,800 ரூபாய். மாற்றினார், கோடை அழித்தார், விளக்கு அணைந்தது. தரையில் நிறுத்தி இன்ஜினை உறுமவிட்டுக் காட்டினார். "நல்லாத்தான இருக்கு!"

மூன்றாம் நாள், 9-வது வளைவில் மறுபடி எரிந்தது.

இந்த முறை வேறு பட்டறை. அங்கேயும் ஸ்கேனர், அங்கேயும் அழித்தல். "ஹை பிரஷர் பம்ப்பு. 38,000 ஆகும்." கொஞ்சம் தயங்கிவிட்டு என்னிடமே ஒரு கேள்வி: "மேட்டுல கியர மாத்தாமயே இழுக்கிறீங்களாம்மா?" இரண்டு வருஷமாகத் தினமும் இரண்டு தடவை அந்த மலையில் ஏறி இறங்குகிறவளிடம் கேட்கிறார். என்ன கோடு வந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா, நம்பர்" என்றார்.

நம்பர்தானே. அன்று ராத்திரியே 900 ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 ஓட்டைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும். அதில் செருகிவிட்டு போனில் ஆப்பைத் திறந்தால் போதும். இந்த ஏற்பாட்டின் தொடக்கம் கலிஃபோர்னியா. அங்கே காற்று மாசைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்தார்கள். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. புகை அதிகமாகிறதா என்று அரசாங்கம் தெரிந்துகொள்வதற்காக வைத்த விளக்கு அது. ஓட்டுகிறவருக்கு விவரம் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நினைத்திருந்தால் வெறும் மஞ்சள் படத்தோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

கோடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும். எழுத்து, கோளாறு எந்தப் பகுதியில் என்று சொல்லும். இன்ஜினும் கியரும் என்றால் பவர்டிரெயினின் பி. கதவு, ஏர்பேக் மாதிரி என்றால் பாடியின் பி. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு எழுத்துகள், நம் எழுத்தில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன. பிரேக், சஸ்பென்ஷன் என்றால் சி. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் சிக்கல் என்றால் யு. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. இரண்டு நாளில் படித்துவிடலாம். செல்போன் போர்டில் ஐசி மாற்றுவதைவிடச் சுலபம்.

நான் மலையேறி, விளக்கை எரியவிட்டு, அழிக்காமல் கீழே கொண்டுவந்து படித்தேன். பவர்டிரெயினின் பி, 0087. பொருள்: எரிபொருள் ரெயிலில் அழுத்தம் மிகக் குறைவு.

அவ்வளவுதான் அந்தக் கோடு சொல்கிறது. சென்சார் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. பம்ப்பை மாற்று என்றும் சொல்லவில்லை. டீசல் டேங்க்கிலிருந்து பைப் வழியாக பில்டருக்கு வந்து, பம்ப்புக்குப் போய், அங்கே அழுத்தம் ஏறி, ரெயில் என்கிற தடித்த குழாயில் நின்று, இஞ்செக்டர்கள் வழியாக இன்ஜினுக்குள் பாய்கிறது. "நான் கேட்ட அழுத்தம் ரெயிலில் இல்லை" என்று கம்ப்யூட்டர் சாட்சி சொல்கிறது. ஏன் இல்லை என்பது அதற்குத் தெரியாது. பில்டர் அடைத்திருக்கலாம், டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், எங்கோ காற்று புகுந்திருக்கலாம், இஞ்செக்டர் கசியலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், கடைசியாகச் சென்சாரே பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு பட்டறையிலும் சாட்சியைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். அதுவும் கையில் இருக்கிற பொருளை விற்பதற்கு ஏற்ற தீர்ப்பாக. அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். ஒரு வண்டிக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் வேறெப்படிப் பார்க்க முடியும்? ஆனாலும் கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டபோது "தூக்கிப் போட்டாச்சு" என்றதை மன்னிக்கவில்லை. பழைய பாகத்தை முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கண்டேன். கோடு பதிவாகும் நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு படம்போல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். என் வண்டியில் அது இப்படி இருந்தது: இன்ஜின் வேகம் 2,100, சுமை 94 சதவீதம், வண்டி வேகம் 19 கிலோமீட்டர், தண்ணீர் சூடு 87 டிகிரி. அதாவது முழுச் சுமையில், சூடேறிய பிறகு, மேட்டில். சமதரையில் அல்ல, பட்டறை வாசலில் அல்ல. இந்தத் தகவல் அவர்கள் ஸ்கேனரிலும் இருந்திருக்கும். கோடை அழிக்கும் பட்டனைத் தட்டினால் இந்தப் படமும் சேர்ந்து அழிந்துவிடும். எப்போது, எங்கே, எந்தச் சுமையில் என்று வண்டி சொல்லியிருந்ததை இரண்டு தடவை, படிக்காமலே அழித்திருக்கிறார்கள்.

பில்டரை மாற்றினேன், பலனில்லை. பழைய பில்டரைக் கண்ணாடி டம்ளரில் கவிழ்த்துப் பார்த்தேன், தண்ணீர் இல்லை. சென்சார் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 5 வோல்ட் வருகிறது, எர்த் சரி, ஒயரில் அறுப்பு இல்லை. அடுத்து, ஓடும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆப் அதை நேரலையில் காட்டும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியாது.

முன்சீட்டில் எப்போதும் உட்கார்ந்து வருகிற மூத்த அக்காவிடம் போனைக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் எண் தெரியும். காய் நிறுக்கும் இடத்தில் தராசின் எண்ணைக் கண்ணிமைக்காமல் பார்த்துப் பழகியவர், அரைக் கிலோ குறைத்து எழுதினாலும் விடமாட்டார். "இந்த எடத்துல வர்ற நம்பர மட்டும் சத்தமாச் சொல்லிட்டே வாங்கக்கா" என்றேன்.

நின்றபடி ஓடும்போது 290. முந்தல் வரைக்கும், மேடில்லாத ரோட்டில், 700, 800 என்று சொல்லிக்கொண்டு வந்தார். மேடு தொடங்கியது. ஆயிரத்து நூறு. ஆயிரத்து இருநூறு. நான் மிதிக்க மிதிக்க எண் ஏற வேண்டும். 8-வது வளைவில் அக்காவின் குரல் மாறியது. "தொள்ளாயிரம்... பாப்பா, எறங்குது. எழுநூத்தம்பது. அறுநூறு." விளக்கு எரிந்தது.

ஓரங்கட்டினேன். அக்கா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது 290, ஒரு குறையும் இல்லை.

"அப்ப இதுக்கும் மேட்டுல மட்டுந்தான் வருதா?"

"இதுக்கும்னா?"

"எனக்கும் அப்படித்தான தாயி. உக்காந்திருந்தா ஒண்ணுமில்ல. தோட்டத்துல மேட்டுல ஏறுனா நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு முட்டுது. ஆசுபத்திரியில போய் உக்காந்தா நல்லாத்தான் இருக்கு. கேசுன்னு மாத்திரை குடுத்துட்டாக. அடுத்த தடவ பயம்னாக. மூணாவது தடவ வயசாச்சுல்லன்னாக."

பின்சீட்டிலிருந்து ஒருவர், "மாசத்துல பாதி நாள் துணி மாத்திக்கிட்டே இருக்கியே, அதச் சொன்னியா?" என்றார்.

"அத எவுககிட்டப் போய்ச் சொல்ல? அவுக கேக்கல."

வண்டிக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மழை மட்டும் கேன்வாஸில் அடித்துக்கொண்டிருந்தது. கங்காணியின் எட்டு மணி ஞாபகம் வந்து கிளம்பினேன்.

அன்று சாயங்காலம் எண்களை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இப்போது ரொம்ப நேரமாகும். பார்க்க வருகிறவர்கள் பாதியிலேயே ஊகித்துவிட்டு "சரிண்ணே, சரிண்ணே" என்று எழுந்துவிடுவார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அன்று உட்கார்ந்தேன். "ஏ...ர்" என்றார். பிறகு "பைப்பு". பிறகு இடது கையால் என் தண்ணீர் பாட்டிலைத் தட்டினார். புரிய எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பைப்பை நடுவில் போட்டுப் பார்.

பம்ப் இழுக்கிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஈரத்தைத் தேடிப் பயனில்லை. சும்மா ஓடும்போது கொஞ்சம் டீசல் போதும், கொஞ்சம் காற்று புகுந்தாலும் சமாளித்துக்கொள்ளும். மேட்டில் முழுச் சுமையில் பம்ப் பலமாக இழுக்கும், காற்றும் கூடப் புகும். காற்று அழுந்திச் சுருங்கும், டீசலைப்போல் அழுத்தம் தாங்காது. ரெயிலில் அழுத்தம் விழுகிறது. கம்ப்யூட்டர் 0087 எழுதிவிட்டு இழுவையை வெட்டுகிறது. அப்பா இந்தக் கோடைப் பார்த்ததே இல்லை.

டீசல் தாங்குகிற தெளிவான ஹோஸ் ஒரு முழம் வாங்கி, பில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே போட்டேன். தம்பியை உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னேன், அந்த வேலைக்கு அவன் போதும். குமிழிகள் வந்தன. முதலில் கடுகுபோல், மிதிக்க மிதிக்கச் சரம் சரமாக. அங்கிருந்து பின்னோக்கித் தேடிக்கொண்டு போனேன். டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் சேஸிஸைத் தொட்டுப் போகிற இடத்தில் பிடிகிளிப் எப்போதோ உடைந்திருந்தது. தோட்டத்துப் பாறைப் பாதையில் வண்டி ஆடும் ஒவ்வொரு முறையும் ஹோஸ் இரும்பில் உரசி உரசி, நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. வளைத்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஹோஸ், இரண்டு கிளிப், எல்லாம் சேர்த்து 210 ரூபாய். பழைய ரப்பர் குழாயில் ஒரு துண்டைக் கீறி, உரசுகிற இடத்துக்கு உறையாகப் போட்டேன். பில்டர் மேலிருக்கும் கைப்பம்ப்பை அது கெட்டியாகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். ஃப்ரீஸ் ஃப்ரேமை நோட்டில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு கோடை அழித்தேன். மறுநாள் முன்சீட்டில் அக்கா இல்லை. வேறொருவர் எண் படித்தார். 11-வது வளைவில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது.

அக்கா அன்று ஏன் வரவில்லை என்றால், தோட்டத்தில் முந்தின நாள் மயங்கி விழுந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு நோட்டோடு போனேன். எத்தனை அடி ஏறினால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் எத்தனை நேரத்தில் தெளிகிறது, எத்தனை நாள் உதிரம் போகிறது, கட்டியாகப் போகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை துணி. அவர் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார். நான் எழுதினேன். இந்தக் கேள்விகளை இதற்கு முன் என் அம்மாவிடமும் கேட்டதில்லை என்பது எழுதும்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை ஜீப் மலைக்குப் போகவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஒரு நாள் கூலியை விட்டார்கள், யாரும் ஜீப் மாறவில்லை. இந்த முறை வேறு ஆஸ்பத்திரி. டாக்டர் வயதில் என்னைவிடச் சின்னப் பெண். காகிதத்தை முழுவதும் படித்தார். அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளே சிவப்பே இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி. "இந்த அளவு ரத்தத்தோடயா மலையில வேலை பார்த்தீங்க?" என்றார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தை மாதம் ஆபரேஷன் நடந்தது.

அதற்குள் அக்கா விளக்கைப் பற்றி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். பல கோடுகளுக்கு முதல் பயணத்தில் கோளாறைக் கண்டால் கம்ப்யூட்டர் நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளும், அடுத்த பயணத்திலும் கண்டால்தான் விளக்கை எரியவிடும் என்று விளக்கினேன். "நான் மூணு தடவ போனேனே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது சாயங்காலத்தில் மற்ற ஜீப்காரர்கள் எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். சிலர் இன்னமும், "தம்பி இருக்கானா, அந்த நம்பர் பாக்குற மிசினு வேணும்" என்றுதான் கேட்கிறார்கள். தம்பி உள்ளேயிருந்து, "அக்கா கையிலதான் இருக்கு" என்று கத்துவான். நூறு ரூபாய் வாங்குகிறேன். படித்துச் சொல்வேன், எழுதிக் கொடுப்பேன். மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் அழித்துக் கொடுக்க மாட்டேன். இதில் இரண்டு பேருக்குக் கோபம்.

என் வண்டியில் போன வாரம் வேறொரு கோடு தலைகாட்டியிருக்கிறது, 0401. புகையின் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வழியில் ஓட்டம் போதவில்லை என்கிறது. விளக்கு இன்னும் எரியவில்லை. வால்வில் கரி படிந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும். அக்கா முன்சீட்டுக்குத் திரும்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை அவருக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை. போன தடவை 10.8.